முதல் அறுப்பு

அம்சித்தென் மலையில் கொஞ்ச தூரம் ஏறியதும் ஆர்கான் மரங்கள் குறைந்து தூயா மரங்கள் தொடங்குகின்றன. மொரோக்கோவின் அட்லாண்டிக் கரையில் அகாதிருக்கும் எஸ்ஸவீராவுக்கும் நடுவே, ஸ்மிமு என்ற சிறிய சந்தை ஊரை ஒட்டி எழும் மலை இது. உச்சி ஏறத்தாழ 900 மீட்டர். கீழே நெடுஞ்சாலையில், ஆர்கான் கிளைகளில் ஏறி நின்று மேயும் ஆடுகளைப் படமெடுக்க வண்டிகள் நிற்கும். மேலே மலைப்பாதையில் எங்கள் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

தூயாவை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஆனால் சைப்ரஸின் நிமிர்வு இதற்குக் கிடையாது. பெரும்பாலானவை இரண்டு ஆள் உயரம், மூன்று ஆள் உயரம். ஒல்லியான தண்டு, சாம்பல் பூத்த பச்சை, செதில் செதிலான இலை. ஒரே அடியிலிருந்து நான்கைந்து தண்டுகள் கிளம்பிப் புதராக நிற்பவையும் உண்டு. இந்த மரத்துக்காக ரோமாபுரிச் சீமான்கள் பெரும் பண்ணைகளின் விலையைக் கொட்டிக் கொடுத்தார்கள் என்று எங்கள் ஓட்டுநரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. ஹாஹா பகுதியில் பிறந்து வளர்ந்தவர், தாய்மொழி தஷெல்ஹித். வண்டியை விட்டு இறங்கி, வெட்டுண்ட ஒரு அடிக்கட்டையைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி மண்ணைக் காலால் விலக்கினார். "நீங்கள் தேடி வந்தது மேலே இல்லை. இங்கே இருக்கிறது" என்றார்.

மண்ணுக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில், கட்டை பருத்து, கரடுமுரடாக, சின்னச் சின்னப் பருக்கள் மூடிய ஒரு திரட்சி. தச்சுப் பட்டறைகளில் கழலை என்பார்களே, அதுதான், இது வேர்க்கழலை. அதன் மேல்விளிம்பில் விரல் நீளத்துக்குப் புதுத்தளிர்கள் வந்திருந்தன.

அந்தத் தளிர்கள்தான் இந்த மரத்தின் கதை. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவற்றை அடியோடு வெட்டினால் அதோடு முடிந்தது, திரும்ப முளைக்காது. தூயா முளைக்கும். காட்டுத்தீ மேலே இருப்பதையெல்லாம் எரித்துவிட்டுப் போனாலும், ஆடுகள் தின்று தீர்த்தாலும், விறகுக்கு வெட்டினாலும், மண்ணுக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அந்த மொட்டுகளின் சேமிப்பறைதான் கழலை. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் புதுமொட்டுகள் பெருகும். அவற்றில் சில தளிராகும். மற்றவை வெளியே வராமல், ஆண்டுதோறும் கட்டை வளர வளர அதனோடு தாமும் நீண்டு, மேல்தோலுக்குக் கீழே காத்துக் கிடக்கும். கட்டையின் நார்கள் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட வேண்டியிருக்கிறது. கடைகளில் பளபளக்கும் பெட்டிகளில் நாம் காணும் புள்ளிகளும் சுழிகளும் இவைதான். புள்ளி என்பது திறக்காத மொட்டு. சுழி என்பது அதற்கு வழிவிட்டு விலகிய நார். பெரிய கழலை என்றால் பலமுறை சேதப்பட்டு, பலமுறை மீண்டு வந்த மரம் என்று பொருள்.

இங்கேதான் மனம் உறுத்துகிறது. தண்டை வெட்டினால் மரம் மறுபடி வரும். கழலையைத் தோண்டினால் வராது. மரவேலைக்காரர் விரும்புகிற பாகமும், மரத்துக்கு உயிர்தரும் பாகமும் ஒன்றே. மொரோக்கோவில் காடு அரசுடைமை; வனப் பாதுகாப்புச் சட்டம் 1917 முதல் இருக்கிறது. ஆர்கான் காடுகள் சார்ந்த இந்த வட்டாரம் முழுவதையும் 1998இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அனுமதியோடு எடுப்பதும் உண்டு, இரவில் கடப்பாரையோடு வருவதும் உண்டு என்றார் ஓட்டுநர். மலைச்சரிவில் சில இடங்களில் குழிகள் மட்டும் இருந்தன. மழைநீர் அவற்றின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. மண்ணைப் பிடித்திருந்த வேர் போனால் சரிவு நிற்காது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் குழிகளைப் பார்த்த பிறகுதான் எஸ்ஸவீராவில் ஒரு பட்டறைக்குப் போனேன். வரிசை மாறிப் போயிருந்தால் பட்டறையில் கண்டது வேறாகத் தெரிந்திருக்கும்.

எஸ்ஸவீரா வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் கொண்ட கோட்டை நகரம். பழைய பெயர் மொகதோர். சுல்தான் சிதி முகம்மது பென் அப்தல்லா 1760களில் தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளரைக் கொண்டு வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காற்று ஓயாத ஊர். கடற்பறவைகளும் அதில் பக்கவாட்டாகத்தான் பறக்கின்றன. ஸ்காலா என்ற கடற்கோட்டை மதிலின் மேல் வெண்கலப் பீரங்கிகள் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. மதிலுக்கு அடியில், ஒரு காலத்தில் வெடிமருந்தும் சரக்கும் வைத்திருந்த வளைவு அறைகளில், இப்போது தச்சர்களும் கடைசல்காரர்களும் இருக்கிறார்கள். சந்து திரும்புவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். மிளகும் சாம்பிராணியும் கலந்ததுபோன்ற ஒரு காட்டமான மணம். அது மரத்தின் எண்ணெய். செய்து பல ஆண்டுகளான பெட்டியைத் திறந்தாலும் அந்த மணம் எழும்.

தூயாவின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் சாண்டரக். ஓவியர்களின் வார்னிஷிலும், 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகட்டுப் படங்களுக்குப் பூசிய பூச்சிலும் அது சேர்ந்திருந்தது. எழுத்துக்கலைஞர்கள் தாளில் மை பரவாமலிருக்க இன்றும் அதன் பொடியைத் தேய்க்கிறார்கள். பிசினுக்காக மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

நான் உட்கார்ந்திருந்த பட்டறை ஒரு மாலெமுடையது. கைத்தொழிலில் தேர்ந்த ஆசானை மொரோக்கோவில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அறுபது கடந்தவர். அவர் பேசுவதை ஓட்டுநர் எனக்குப் பிரெஞ்சில் சொன்னார். புதினாத் தேநீர் வந்தது, குடித்து முடியும்வரை வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு கழலையை உருட்டிக்கொண்டு வந்தார். பெரிய பூசணி அளவு இருக்கும்; தூக்கிப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட மிகவும் கனத்தது.

முதல் வேலை, கழுவுவது. இரும்புத் தூரிகையால் தேய்த்து, கூர்மையான ஆணியால் பள்ளங்களைக் குத்திக் குத்தி மண்ணை எடுத்தார். வேர்க்கழலை வளரும்போது கூழாங்கற்களையும் விழுங்கிக்கொண்டு வளரும். ரம்பம் அதில் பட்டால் பல் போகும். பல் போவதைவிடப் பெரிய நஷ்டம், கல் இருந்த இடம் தெரியாமல் அறுத்து, நல்ல பலகையின் நடுவே ஓட்டை விழுவது. தட்டிப் பார்த்தார். உட்குழிவு இருந்தால் ஒலி மாறும். பட்டை உள்ளே மடிந்திருக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டார்.

பிறகு அறுக்கவில்லை. பட்டையை உளியால் சீவி எடுத்துவிட்டு, அம்மணமான கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில்தான் அதிக நேரம் போனது. அருகே போய்ப் பார்க்கச் சொன்னார். மேற்பரப்பில் ஒரு பக்கம் முழுக்க ஊசிமுனை போன்ற மேடுகள், நெருக்கமாக. இன்னொரு பக்கம் மேடுகள் விலகி விலகி இருந்தன. அடிப்பக்கம் அலையலையாக, மேடே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. ஒவ்வொரு மேடும் ஒரு மொட்டின் நுனி. உள்ளே அறுத்துப் பார்க்காமலே, எங்கே கண்கள் நெருங்கிக் கிடக்கும், எங்கே வெறும் சுழிப்பு மட்டும் வரும் என்று தோல் சொல்லிவிடுகிறது.

எந்தத் திசையில் அறுப்பது என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை. மொட்டுகள் எல்லாம் உள்ளே ஒரு மையத்திலிருந்து வெளித்தோலை நோக்கி நீண்டு வருகின்றன. பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முள்தோலை மேலாக, தோலுக்கு இணையாகச் சீவினால் ஒவ்வொரு முள்ளும் ஒரு வட்டப் புள்ளியாகத் தெரியும். பழத்தை நடுவாகப் பிளந்தால் அதே முட்கள் பக்கவாட்டில் படுத்த கோடுகளாகத் தெரியும். கழலையும் அப்படியே. தோலுக்கு இணையாக, மொட்டுகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அறுப்பில் கண்கள் வரும். வட்டமாக, நடுவில் கரும்புள்ளியோடு, சுற்றிலும் வளையங்களோடு. மையத்தின் வழியாக அறுத்தால், மொட்டுகள் தம் முழு நீளத்துக்கும் பிளந்து, ஊசிகளாகவும் தழல்களாகவும் தோன்றும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக அறுத்தால் கண்கள் நீண்டு, கண்ணீர்த்துளி வடிவத்தில், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஓடுகிற நீர்போல ஒரு அசைவு அதில் உண்டு. எது சிறந்தது என்பதற்குப் பொதுவிதி இல்லை. மேசைத் தகட்டுக்குக் கண்கள் அழகு. இழுப்பறையின் முகப்புக்குத் தழல் அழகு. சாய்வறுப்பை மட்டும் மாலெம் ஏற்பதில்லை. மொட்டின் திசையை மதிக்காமல் வைத்த ரம்பம் அது என்றார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் என் ரசனைக்கு என்ன உரிமை.

இந்த இரு முகங்களும் ஒரே பொருளில் சேரும் இடம், கட்டியாகக் கடைந்தெடுத்த சிறு பெட்டி. மூடி மேல்தோலை நோக்கி இருக்கும்படி கட்டையைக் கடைசலில் பிடித்தால் மூடி முழுக்கக் கண்கள். பக்கச்சுவரில் தழல்கள் மேல்நோக்கி எழுந்து வந்து மூடியின் விளிம்பில் புள்ளிகளாக முடியும். புகைக்குழாய் செய்பவர்கள் மத்தியதரைக்கடல் ஓரத்து எரிகா புதரின் வேர்க்கழலையில் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். கிண்ணத்தின் பக்கங்களில் நேர்க்கோடுகள், மேல் விளிம்பிலும் அடியிலும் பறவைக்கண். அப்படி அமைந்த கட்டைக்குத் தனி விலை. கட்டையைத் தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ பிடித்துக் கடைந்தால் அதே மரம், அதே உழைப்பு, ஆனால் புள்ளியும் கோடும் ஒழுங்கின்றிக் கலந்த சாதாரணப் பொருள்.

முதல் அறுப்பு ஒரு சன்னல். அதிகம் எடுக்காமல், மேல்தொப்பியிலிருந்து விரற்கடை அளவு மட்டும் சீவுவது. பேண்ட்சா ரம்பத்தில் கட்டை உருண்டுவிடாமலிருக்க அடியில் ஆப்பு வைத்துப் பலகையோடு ஆணியடித்துப் பிடித்தார்கள். உருண்டையான கட்டையைக் கையால் பிடித்து ரம்பத்தில் தள்ளியதில் விரலை இழந்தவர்கள் இந்தச் சந்தில் இருக்கிறார்கள். தொப்பி பிரிந்து விழுந்ததும் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். ரம்பத் தூளில் மங்கிக் கிடந்த பரப்பு ஒரே கணத்தில் செந்தேன் நிறமாகத் திறந்துகொண்டது. நெருக்கமாக, கணக்கில் அடங்காத கண்கள். பட்டறையில் அதுவரை தன்பாட்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த இளைஞரும் எழுந்து வந்து பார்த்தார். தினமும் பார்ப்பவர், இருந்தும் வந்து பார்த்தார்.

ஈரம் காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு வெடிப்பு உள்நோக்கிப் போயிற்று. அதற்கு இணையாக அறுத்தால் ஒரே பலகையில் அதைக் கழித்துவிடலாம். குறுக்கே அறுத்தால் எல்லாப் பலகையிலும் அது தொடரும். ஆனால் வெடிப்புக்கு இணையாகப் போனால் கண்கள் வட்டம் இழந்து நீளும். கோணத்தைக் கொஞ்சம் திருப்பினார். கண்ணுக்கும் சேதத்துக்கும் நடுவே ஒரு சமரசம். கட்டையைப் புரட்டி ஆப்பை மாற்றி மறுபடி பிடித்தார்கள். வடிவியல் பாடத்தில் கோளத்தைத் தளம் வெட்டும் கணக்கைப் போட்டிருக்கிறோம். இங்கே அந்தக் கணக்குக்கு விடை ஒரே தடவைதான் எழுத முடியும்; அழிக்க முடியாது.

இந்த முடிவுகளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே நிலத்தின் மரத்தில் வேறு சிலர் எடுத்திருக்கிறார்கள். ரோமானியர் இதைச் சிட்ரம் என்றார்கள். கி.பி. 77இல் நிறைவுற்ற தன் இயற்கை வரலாற்றில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்த மரத்தின் மேசைகளுக்குத் தனி இடம் ஒதுக்குகிறார். பேச்சாளர் சிசெரோ ஒரு மேசைக்கு ஐந்து லட்சம் செஸ்டெர்ஸ் நாணயங்கள் கொடுத்தார். அந்த மேசை தன் காலத்திலும் இருந்தது என்கிறார் பிளினி. வட ஆப்பிரிக்காவின் பழைய மௌரித்தானியா நாட்டு அரசர் யூபாவின் இரண்டு மேசைகள் ஏலத்துக்கு வந்தபோது ஒன்று பன்னிரண்டு லட்சத்துக்குப் போயிற்று. இந்த யூபாதான் எஸ்ஸவீரா துறைமுகத்துக்கு எதிரே தெரியும் தீவில் கடற்சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுக்க ஏற்பாடு செய்தவர். மதில்மேல் நின்றால் அந்தத் தீவு தெரிகிறது. ரோமாபுரி ஆண்கள் மனைவியரின் முத்து மோகத்தைக் குறை சொன்னால், பெண்கள் பதிலுக்கு இந்த மேசைப் பித்தைச் சுட்டிக்காட்டுவார்களாம்.

பிளினி மேசைகளை வகைப்படுத்தும் முறை ஒரு அறுப்பாளரின் மொழி. நரம்புகள் நீளவாக்கில் அலையாக ஓடினால் புலி மேசை; சின்னச் சுழிகளாக வந்தால் சிறுத்தை மேசை; மயில்தோகைக் கண்கள் போன்றவை இன்னும் மதிப்புடையவை. முழுக்க மண்ணுக்குள் வளர்ந்த கழலையே அரிது என்கிறார். தேன் கலந்த மதுவின் நிறம் வேண்டும் என்கிறார். புலியும் சிறுத்தையும் வெவ்வேறு மரங்கள் அல்ல என்று எஸ்ஸவீராவில் அந்தப் பலகைகளைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஒரே கழலையை இருவேறு திசையில் அறுத்தால் கிடைக்கும் இருவேறு முகங்களாகவே அவை பெரும்பாலும் இருந்திருக்கும்.

உலர்த்தும் முறையையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்கர்கள் பச்சைக் கட்டையில் மெழுகு பூசி மண்ணில் புதைப்பார்கள். தச்சர்கள் தானியக் குவியலுக்குள் ஏழு நாள் வைத்து, ஏழு நாள் வெளியே எடுத்து, மீண்டும் வைப்பார்கள். எடை வியக்கத்தக்க அளவு குறையும். மாலெமிடம் இதைச் சொன்னேன். தானியம் விஷயம் அவருக்குப் புதிது, மெழுகு புதிதல்ல. அறுத்த முகம் ஒவ்வொன்றிலும் அவரும் மெழுகு பூசுகிறார். நார் ஒரே திசையில் ஓடும் சாதாரணப் பலகை உலரும்போது எந்தப் பக்கம் சுருங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கழலையில் ஒவ்வொரு விரற்கடைக்கும் நார் ஒவ்வொரு பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு இடமும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். அவசரமாக உலர்ந்தால் பலகை நெளியும், கண்களைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விழும். கடற்காற்றின் ஈரம் எஸ்ஸவீராவுக்கு இதில் உதவுகிறது. இங்கே உலர்ந்த பெட்டி, குளிர்நாட்டு வீட்டில் கணப்பு எரியும் அறைக்குப் போனதும் வெடிப்பதும் உண்டு.

தானியக் குவியலைவிட என்னை உலுக்கிய வரி பிளினியில் வேறொன்று. மிகச் சிறந்த சிட்ரம் தந்தது மௌரித்தானியாவின் அன்கொராரியுஸ் மலை. அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அம்சித்தென் சரிவில் பார்த்த குழிகளுக்கு முன்னோடி அது.

பட்டறையில் மறுநாள் மெல்லிய தகடுகளை அறுத்தார்கள். உலர்ந்து முடித்த வேறொரு கழலையிலிருந்து. மெல்லிய பற்கள் கொண்ட ரம்பம், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு, ஒவ்வொன்றையும் அறுத்த வரிசையிலேயே அடுக்கி முதுகில் எண் எழுதினார்கள். வரிசை குலைந்தால் எல்லாம் போச்சு. அடுத்தடுத்த இரண்டு தகடுகளைப் புத்தகத்தின் இரு பக்கங்களாக விரித்தால் ஒன்றின் உருவம் மற்றதில் கண்ணாடி பிம்பமாக நிற்கும். நான்கைச் சேர்த்தால் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு மலர். ஆனால் மொட்டுகள் உள்ளே சாய்ந்து போவதால் தகட்டுக்குத் தகடு கண் கொஞ்சம் நகரும். முதல் தகட்டையும் இருபதாவது தகட்டையும் சேர்த்தால் சகோதர ஜாடைகூட இருக்காது. ஒளியும் ஒரு சிக்கல் செய்கிறது. தகட்டைத் திருப்பிப் போட்டதும் நாரின் சாய்வும் திரும்பிவிடும். அதனால் ஒரு பக்கம் வெளிச்சத்தை வாங்கி மின்னும்போது மறுபக்கம் இருண்டு நிற்கும். நாம் நகர்ந்தால் இரண்டும் இடம் மாறும். நார் நீளமாக ஓடும் மரத்தில் இது கண்ணை உறுத்தும் குறை. கழலையில் நார் எல்லாப் பக்கமும் சுழல்வதால் இருளும் ஒளியும் சிதறி, முழுப் பரப்பும் உயிரோடு அசைவதாகத் தோன்றுகிறது. மேசைகளுக்கு இந்த மரத்தைத் தேர்ந்தவர்கள் அதைச் சுற்றி நடந்துதான் தேர்ந்திருப்பார்கள்.

யூபாவின் மகன் ப்தொலெமியின் மேசையைப் பற்றி பிளினி சொல்வது இந்த வேலையைப் பார்க்கும்போது நன்றாகப் புரிகிறது. குறுக்களவு நாலரை அடி. கால் அடிப் பருமன். இரண்டு அரைவட்டங்களை இணைத்துச் செய்தது. இணைப்பு தெரியாமல் மறைத்த கலைத்திறன், ஒரே துண்டாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வியப்பைவிடப் பெரிது என்கிறார். மாலெம் இரண்டு தகடுகளின் விளிம்பைச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினார். ஒளிக்கீற்று எங்கும் வரவில்லை.

இழைப்புளி இங்கே அதிகம் பயன்படாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஓரிடத்தில் நாருக்கு எதிராகத்தான் போகும். கண்ணின் நடுப்புள்ளி பெயர்ந்து வந்துவிடும். எஃகுத் தகட்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டுகிறார்கள். பிறகு உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நைசுக்கு, படிப்படியாக. கடைசியில் சாராயத்தில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். அரக்குப்பூச்சியின் பிசின், இந்தியக் காடுகளில் விளைவது. அதைச் சொன்னதும் மாலெம் சிரித்து, பஞ்சுப்பொதியை என் கையில் கொடுத்துவிட்டார். ரோமானியர் இந்த மேசைகளை உலர்ந்த உள்ளங்கையால், குறிப்பாகக் குளித்து வந்த கையால் தேய்த்துப் பளபளப்பேற்றினார்கள் என்பது பிளினி தரும் குறிப்பு. சின்னப் பெட்டி ஒன்றில் முயன்று பார்த்தேன். உண்மைதான், மெருகு ஏறுகிறது.

ஊர்க் கடைவீதிகளில் விற்பவை பெரும்பாலும் வேறு. கனமான சாம்பல் கிண்ணங்கள், பழக்கிண்ணங்கள், யானை, ஒட்டகம், எல்லாம் முழுக்கட்டையில். எலுமிச்சை மரத்தின் மஞ்சள் துண்டுகளும், முத்துச்சிப்பியும், கறுப்புச் சாயமேற்றிய மரமும் பதித்த தட்டுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு உள்ளவை நிறைய. ஆனால் பழக்கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தபோது எனக்குக் கணக்கு ஓடியது. ஒரு கிண்ணத்தைக் கடைந்தெடுக்க, கட்டையின் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழுகிறது. முப்பது சென்டிமீட்டர் சதுரமும் இருபது சென்டிமீட்டர் உயரமும் உள்ள அதே கட்டையை ஒரு மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்தால், ரம்பம் தின்னும் இன்னொரு மில்லிமீட்டரைக் கழித்தும், நூறு தகடுகள். ஒன்பது சதுர மீட்டர் பரப்பு. பத்துப் பதினைந்து சிறு மேசைகளின் முகத்தை மூடலாம். மண்ணுக்குள் நூறாண்டு காத்திருந்த கண்கள் அத்தனையும் வெளிச்சத்துக்கு வரும்.

கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், தகடு ஒட்டிய பெட்டி ஏன் குறைவாக இருக்கிறது என்று. வருகிறவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, முழு மரமா என்று முதலில் கேட்கிறார்கள், ஒட்டியது என்றால் போலி என்று கீழே வைத்துவிடுகிறார்கள் என்றார். அவர்மீது தவறில்லை. நம் ஊரிலும் ஒட்டுப்பலகை என்றாலே மட்டம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. பிளைவுட்டின் குறைகளைப் பார்த்துப் பழகிய கண். ஆனால் தோண்டினால் மரமே சாகும் ஒரு கட்டையில், கனம் என்பது பெருமை அல்ல. அதிலிருந்து எவ்வளவு மெல்லியதாக எடுக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக எடுப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெட்டியின் உடலுக்குத் தூயாவின் தண்டு மரம் போதும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் மரம் அது. நேரான வரிகளும் அதே மணமும் அதற்கு உண்டு.

எஸ்ஸவீராவுக்குப் போகிறவர்கள் பெட்டி வாங்கும்போது மூடியைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். மேலே ஒரு மெல்லிய செந்நிறக் கோடு, கீழே வெளிறிய தண்டு மரம் என்று இரண்டு அடுக்கு தெரிந்தால் தகடு வேலை. மூடியின் உருவம் நடுக்கோட்டில் இரண்டாக மடிந்து பொருந்துகிறதா, கண்கள் வட்டமாக இருக்கின்றனவா, சாய்ந்திருந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அறுத்தவர் யோசித்து அறுத்தாரா என்பது அதில் தெரிந்துவிடும். மதிலுக்கடியில் என் மாலெமிடம் அப்படி ஒன்று இருந்தது. நான்கு தகடுகள், நடுவில் ஒரு பெரிய கண் நாலாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அதே அளவுள்ள முழுக்கட்டைப் பெட்டியைவிட அவர் சொன்ன விலை கூடுதல். பேரம் பேசாமல் கொடுத்தேன்.